கண்ணாடிச் சுவரில் இல்லாத பெயர்கள்

மாத்தளையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவீதி தம்புள்ளையைக் கடந்து இனாமலுவைச் சந்தியை அடைகின்றது. அங்கிருந்து பிரியும் கிளைவீதி நம்மைச் சீகிரியாக் குன்றின் அடிவாரத்திற்கு இட்டுச் செல்லும். மாத்தளை மாவட்டத்துப் பாடசாலைகளிற் படிக்கும் பிள்ளைகள் ஒரு முறையேனும் காணாது விடாத இடம் அது. எமது பாடசாலையும் ஆண்டுதோறும் அங்கு கல்விச் சுற்றுலா செல்வது வழக்கம். வரலாற்றுப் பாடநூலில் இரண்டு பக்கமாக இருக்கும் குன்று, பிள்ளைகளின் கண்முன் ஏறக்குறைய 200 மீட்டர் உயர்ந்து நிற்கும்பொழுது, ஆசிரியரின் விளக்கத்திற்கு அங்கே அதிகம் வேலை இராது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அத்தகைய பயணம் ஒன்றில் நிகழ்ந்த சிறு உரையாடலே இக்கட்டுரைக்குக் காரணம். பிள்ளைகளை வரிசைப்படுத்தி ஏறத் தொடங்கும் வேளையில், எம்முடன் வந்த பாடசாலைச் சிற்றூழியர் மட்டும் சோற்றுப் பானைகளுக்கும் தண்ணீர்க் கலங்களுக்கும் அருகே அமர்ந்துகொண்டார். அவரையும் வருமாறு அழைத்தோம்.

"நீங்க போயிட்டு வாங்க சேர். சாமானெல்லாம் இங்க கிடக்கு. விட்டுட்டு வந்தா குரங்கு ஒண்ணும் மிச்சம் வைக்காது" என்றார்.

"எத்தனை தடவை இங்கே வந்திருக்கிறீர்கள், அண்ணே?"

"இதோட பதினொண்ணு சேர்."

"மேலே?"

"ஒரு தடவையும் இல்லீங்க."

பதினொரு முறை சீகிரியாவுக்கு வந்தும் சீகிரியாவைக் காணாத மனிதர் அவர். அவரை அங்கே விட்டுவிட்டுப் படியேறிய நாம் அன்று பிள்ளைகளுக்குச் சொன்ன வரலாறு எமக்கே குறையுடையதாகத் தோன்றியது. அக்குறையை இங்கே ஓரளவேனும் நிரப்ப முயல்கின்றோம்.

சீகிரியாவின் வரலாறாக நாம் கூறுவது யாது? கி.பி. 477இல் தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணையேறிய காசியப்பன், தம்பி முகலனுக்கு அஞ்சி இக்குன்றின்மேல் அரண்மனை அமைத்தான் என்றும், 495இல் முகலனோடு நிகழ்ந்த போரில் மாண்டான் என்றும் சூளவம்சத்தின் வழி அறிகின்றோம். இடைப்பட்டவை 18 ஆண்டுகள். அப்பதினெட்டு ஆண்டுகளுள் அகழியும் மதிலும் எழுந்தன, நீர்ப்பூங்காக்கள் அமைந்தன, குன்றின் உச்சியில் குளம் வெட்டப்பட்டது, செங்கல்லாலும் சுதையாலும் மாபெருஞ் சிங்கம் ஒன்று உருவாயிற்று. நீர்ப்பூங்காவின் ஊற்றுகள் இன்றும் மழைக்காலத்தில் நீரைச் சொரிகின்றன. நிலத்தின் சரிவையும் நீரின் அழுத்தத்தையும் இத்துணை நுட்பமாக அறிந்திருந்தோர், குளமும் வாய்க்காலும் வெட்டி உலர்வலயத்தில் நெல் விளைவித்த மக்களே ஆவர். தாதுசேனன் தன் செல்வம் முழுவதும் இதுவே என்று காலவாவியைக் காட்டியதாக ஒரு மரபு உண்டு. அந்த வாவியும் மண் சுமந்தோரின் செல்வமே. அவர்களுள் எவர் பெயரும் நமக்குக் கிடைத்திலது.

பெயர்கள் கிடைக்காமைக்குச் சீகிரியாவில் எழுத்து இல்லாமை காரணமன்று. குன்றின் இடைவழியிலுள்ள கண்ணாடிச் சுவரில் எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையில் அங்கு வந்தோர் பொறித்த பாடல்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றுள் 685ஐப் படித்துப் பொருள் கண்டு, 1956இல் பெருநூலாக வெளியிட்டார் பேராசிரியர் செனரத் பரணவிதான. பிக்குகளும் அலுவலரும் பெண்களும் அச்சுவரிற் பேசுகின்றனர். தம் பெயரையும் ஊரையும் பொறித்துச் சென்றோர் பலர். ஓவியப் பெண்களின் அழகை வியந்தும் கடிந்தும் பாடிய அவர்களின் குரல் ஆயிரம் ஆண்டு கடந்து நம்மை எட்டுகின்றது. பார்க்க வந்தவரின் பெயர் நிலைத்தது. அச்சுவரைக் கண்ணாடிபோல் மெருகேற்றியவரின் பெயர் நிலைக்கவில்லை. ஓய்வும் எழுத்தும் எவரிடம் இருந்தனவோ அவரிடமே நினைவும் தங்கிற்று. வரலாற்றின் மிகப் பழைய அநீதிகளுள் இதுவும் ஒன்று.

அண்மைக் காலத்திற்கு வருவோம். 1889இல் பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் மறே ஓவியங்கள் இருந்த பொந்தினை அடைந்து அவற்றைப் பிரதி செய்தார். தொல்பொருள் ஆணையாளர் எச். சி. பி. பெல் 1890களின் நடுப்பகுதியிற் பெரும் அளவில் காடு வெட்டி அகழ்வு தொடங்கினார். 1898இல் சிங்கத்தின் பாதங்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. பெல்லின் திணைக்களத்தில் வரைஞராக இருந்த டி. ஏ. எல். பெரேரா ஓவியங்களை எண்ணெய் வண்ணத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பிரதி செய்தார். ஆணையாளரின் பெயரை அறிந்தோர் பலர். வரைஞரின் பெயரை அறிந்தோர் சிலர். கயிறு பிடித்தோர், கல்லில் துளையிட்டோர், மண் சுமந்தோர் பெயரை அறிந்தோர் எவருமிலர். பதவியின் படிக்கட்டு எவ்வாறோ, அவ்வாறே புகழின் படிக்கட்டும். 1982இல் உலக மரபுச் சொத்தாகச் சீகிரியா ஏற்கப்பட்ட பின்னரும் இந்நிலை மாறவில்லை.

இனி, அடிவாரத்தில் அமர்ந்திருந்த எமது நண்பரிடம் திரும்புவோம்.

பாடசாலையும் ஒருவகையில் ஒரு சீகிரியாவே. அங்கும் சுவரில் பெயர்ப் பலகைகள் உண்டு: அதிபர்களின் பட்டியல், நன்கொடையாளர் பட்டியல், பல்கலைக்கழகம் புகுந்த மாணவர் பட்டியல். ஆசிரியர் பெயர்கள் ஆண்டு மலர்களில் வருகின்றன. காலை ஆறு மணிக்கு வாயிற்கதவு திறப்பவர், தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடித்து எங்கள் நேரத்தை நடத்துபவர், மலகூடம் கழுவுபவர், வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் சுமப்பவர், இரவில் காவல் இருப்பவர் ஆகியோரின் பெயர் எப்பலகையிலும் இல்லை. சம்பளப் பட்டியலில் மட்டுமே அவர்கள் எழுத்து வடிவம் பெறுகின்றனர். சிலருக்கு அதுவும் இல்லை.

இலங்கையின் கல்வி வரலாற்றைப் படிப்போர் சில ஆண்டுகளை மறவாது கூறுவர். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தது. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகள் பெரும்பாலும் அரசின்கீழ் வந்தன. இவை பெருமைக்குரிய ஆண்டுகளே. ஆயினும் ஒவ்வொரு விரிவும் ஒருவகை உழைப்பைப் பெருக்கிற்று என்பதை நாம் எழுதுவதில்லை. இலவசக் கல்வி வந்தபொழுது பிள்ளைகள் பெருகினர். பிள்ளைகள் பெருகியபொழுது பெருக்க வேண்டிய முற்றமும், நிரப்ப வேண்டிய தண்ணீர்ப் பானையும், கழுவ வேண்டிய மலகூடமும் பெருகின. கல்வி இலவசமாயிற்று என்றால், அதன் விலையை எவரோ கொடுத்தனர் என்பதே பொருள். பெரும்பங்கை மக்கள் வரியாகக் கொடுத்தனர். ஒரு பங்கைக் குறைந்த கூலிக்கு உழைத்த சிற்றூழியர் கொடுத்தனர்.

இவ்வுழைப்புக்குச் சாதியின் நிழலும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்திலே தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகள் ஏனைய பிள்ளைகளோடு வாங்கில் இருக்கலாமா என்பது 1930 அளவிற் பெரும் போராட்டமாக இருந்தது. சமாசனம் என்ற சொல் அக்காலத்திற் கலகச் சொல்லாக ஒலித்தது. மலையகத்து நகரங்களிலோ, துப்புரவுத் தொழிலுக்கென்றே தமிழ்நாட்டிலிருந்து கொணரப்பட்ட குடும்பங்களின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக அத்தொழிலிலேயே நிறுத்தப்பட்டனர். மாணவருக்குச் சமாசனம் கிடைத்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகின்றது. ஆசிரியர் அறையில் எமது சிற்றூழியர் அமர்வதற்கு ஒரு கதிரை உண்டா என்று நாம் எம்மைக் கேட்டுக்கொண்டோம். எமது பாடசாலையில் இல்லை. வாசகர் தம் பாடசாலையை நோக்குவாராக.

அரசாங்க ஊழியரின் உரிமைப் போராட்டத்திற்கு வருவோம். 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கச் சட்டம் தொழிலாளருக்குச் சங்கம் அமைக்கும் உரிமையை வழங்கியது. அரச ஊழியர்க்கோ அவ்வுரிமை கட்டுண்டே கிடந்தது. 1947இல் அக்கட்டை உடைக்க எழுந்தனர் அரசாங்க எழுதுவினைஞர். அவர்தம் சங்கத்தின் தலைவர் டி. பி. இலங்கரத்தின பதவி நீக்கப்பட்டார். வேலைநிறுத்தம் பரவியது. அவ்வாண்டு யூன் 5ஆம் நாள் கொலன்னாவையில் ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டதில் கந்தசாமி என்ற எழுதுவினைஞர் உயிர் நீத்தார். சிங்களத் தலைவரின்கீழ், தமிழ் ஊழியர் ஒருவர், எல்லா இனத்து ஊழியரின் உரிமைக்காகவும் உயிர் கொடுத்தார். சுதந்திரத்திற்கு எட்டு மாதங்களுக்கு முன்னர் இந்நாட்டில் சாத்தியமாக இருந்த ஒற்றுமை அது. 1948இல் வந்த திருத்தச் சட்டம் அரச ஊழியர் சங்கங்களை அனுமதித்தது. ஆனால் அவை ஒன்றோடொன்று இணைவதையும், அரசியல் நோக்கிற்கு நிதி வைப்பதையும் தடுத்தது. எழுதுவினைஞர் ஒரு சங்கம், சிற்றூழியர் ஒரு சங்கம், ஆசிரியர் ஒரு சங்கம் என்று பிரிந்து நிற்கும் பழக்கத்திற்குச் சட்டமும் துணை நின்றது.

1953 ஆகஸ்டு 12ஆம் நாளின் ஹர்த்தாலையும் இங்கு நினைத்தல் தகும். அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவிலும் அரசு கைவைத்தது. மக்கள் எழுந்தனர்; பிரதமர் டட்லி சேனாநாயக்க அவ்வாண்டிலேயே பதவி துறந்தார். பிள்ளையின் ஒரு வேளை உணவு ஓர் அரசை அசைத்த வரலாறு அது. மூன்று ஆண்டுகளின் பின் வந்த 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமோ, 1947இன் ஒற்றுமையைப் பிளந்தது. ஒரே கூலிக்கு ஒரே மேசையில் உழைத்தோர் மொழியால் இருவராயினர்.

1980ஆம் ஆண்டில் மீண்டும் ஓர் யூன் 5. ஆர்ப்பாட்டத்தின்மீது நடத்தப்பட்ட தாக்குதலில் சோமபால என்னும் தொழிலாளர் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் மாதச் சம்பளத்தில் 300 ரூபா உயர்வு முதலிய கோரிக்கைகளை முன்வைத்துப் பொது வேலைநிறுத்தம் தொடங்கிற்று. அவசரகால ஒழுங்குவிதிகளைக் கையிற்கொண்ட ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசு 40,000க்கு மேற்பட்ட ஊழியரை ஒரேயடியாக வேலையிழக்கச் செய்தது. வறுமை தாளாது உயிர் மாய்த்தோரும் உளர். அந்த அச்சம் சிற்றூழியரின் நெஞ்சில் நெடுங்காலம் தங்கிற்று. உத்தியோகம் போனால் வேறு வழியற்றவன் எவனோ, அவனே முதலில் வாய் மூடுவான்.

இன்று நிலை என்ன? 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின்னர் பெரும்பாலான பாடசாலைகள் மாகாண நிருவாகத்தின்கீழ் வந்தன. தேசியப் பாடசாலைகள் மத்திய அமைச்சிடம் நின்றன. 2006இன் சம்பளச் சுற்றறிக்கை அரச சேவை முழுவதையும் வகுத்தபொழுது, சிற்றூழியர் முதனிலைத் தரத்தின் அடிப்படிகளில் வைக்கப்பட்டனர். திறனற்றோர் என்பது அவ்வடிப்படியினர்க்கு இடப்பட்ட விளக்கம். அறுநூறு பிள்ளைகளின் முகத்தையும் அவர்தம் வீட்டு நிலையையும் நினைவில் வைத்திருப்பவர், நீர்க்குழாய் உடைந்தால் திருத்துபவர், காய்ச்சல் கண்ட பிள்ளையை வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்பவர், திறனற்றவராம். சொல்லிலும் கூலி குறைக்கப்படலாம் என்பதற்கு இது சான்று. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அரச சேவையின் மிகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக, 2027 வரை மூன்று கட்டங்களில் உயர்த்துவதாக அறிவித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் 2022இன் பொருளாதார வீழ்ச்சியின்போது அரிசியும் எண்ணெயும் ஏறிய ஏற்றத்தை அறிந்தவர் இதனைப் பெருங்கொடை என்று கூறமாட்டார்.

மேலும், இவ்வுயர்வு எட்டாத ஒரு கூட்டம் பாடசாலைகளில் உண்டு. அரசு நியமித்த சிற்றூழியர் போதாமையால், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பணத்திற் காவலாளரையும் துப்புரவாளரையும் அமர்த்தும் வழக்கம் நாடெங்கும் பரவியுள்ளது. அப்பணம் பெற்றோரிடம் திரட்டியது. ஏழைப் பெற்றோரின் பணத்தில் அவரினும் ஏழையான ஒருவர் உழைக்கின்றார். அவருக்கு ஓய்வூதியம் இல்லை. நியமனக் கடிதம் இல்லை. விடுமுறை மாதங்களிற் கூலி நிச்சயமில்லை.

எமது நண்பரின் கதை அதுவே. 27ஆவது வயதில் இப்பாடசாலைக்கு வந்தார். 16 ஆண்டுகள் சங்கப் பணத்தில் உழைத்தார். 43ஆவது வயதில், எத்தனையோ வாசல்கள் ஏறி இறங்கிய பின்னர், அரச நியமனம் கிடைத்தது. 60இல் ஓய்வு பெறும்பொழுது அவர் கணக்கில் 17 ஆண்டுகளே இருக்கும். ஊழியர் சேமலாப நிதி 1958 முதல் இந்நாட்டில் உள்ளது. சங்கத்தின் பணத்தில் உழைத்த காலத்தில் அவர் பெயரில் அதற்கு ஒரு சதமேனும் செலுத்தப்படவில்லை. அந்தப் பதினாறு ஆண்டுகள் எங்கே போயின? அக்காலத்தில் அடித்த மணிக்கு எழுந்து வகுப்பு மாறிய பிள்ளைகள் இன்று வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் உளர். மணியோசை மட்டும் கணக்கில் இல்லை.

இவ்விடத்தில் ஆசிரியராகிய நாம் எம்மையே விசாரித்துக்கொள்ளல் வேண்டும். 2021 யூலை 12 தொடங்கி ஏறக்குறைய நூறு நாட்கள் ஆசிரியரும் அதிபரும் சம்பள முரண்பாட்டை எதிர்த்து இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராடினோம். நீதியான போராட்டம் அது. 2022 தொடக்கத்தில் அதன் பயனும் ஓரளவு கிடைத்தது. அம்மாதங்களில் வீதியில் நின்று "கல்விச் சமூகம்" என்று முழங்கினோம். அச்சொல்லுள் சிற்றூழியரை நாம் சேர்த்திருந்தோமா? எமது கோரிக்கைத் தாளில் அவர்க்கு ஒரு வரி இருந்ததா? 2024 மே மாதம் தொடங்கிப் பல வாரங்கள் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் செய்தபொழுதும், பரீட்சை பிந்துகின்றதே என்ற கவலையே எம் உரையாடல்களில் மிகுந்து ஒலித்தது. கல்விசாரா ஊழியர் என்ற பெயரே எத்துணை விந்தையானது! கல்வி நடக்கும் கட்டடத்தில் நாள் முழுதும் உழைத்தும் கல்வியைச் சாராதவராம்.

வேறு வழி உண்டென்பதற்கு உலகம் சான்று தருகின்றது. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பாடசாலைகளில் 2023 மார்ச்சு 21 முதல் 23 வரை பேருந்துச் சாரதிகள், உணவுக்கூடப் பணியாளர், துப்புரவாளர், விசேட தேவையுடைய பிள்ளைகளின் உதவியாளர் ஆகிய ஏறக்குறைய 30,000 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்தம் சராசரி வருடச் சம்பளம் ஏறக்குறைய 25,000 டொலர். அந்நகரின் வீட்டு வாடகைக்கே அது போதாது. அப்பொழுது ஆசிரியர் சங்கத்தினர் தமக்கெனக் கோரிக்கை எதுவும் வையாது, அவர்களோடு தாமும் வெளியேறி மறியலில் நின்றனர். பாடசாலைகள் மூடின. மூன்று நாட்கள் முடிந்து நெடுநாள் ஆகுமுன் 30 வீதச் சம்பள உயர்வுக்கு உடன்பாடு கண்டனர். சிற்றூழியர் தனித்து நின்றிருப்பின் கதவுகள் திறந்தே இருந்திருக்கும். ஆசிரியரின் கால்கள் அவர்களோடு சேர்ந்தமையே கதவை மூடிற்று. தமிழ்நாட்டிலோ 1982இல் விரிவுபெற்ற சத்துணவுத் திட்டம் உலகெங்கும் பாராட்டப்படுகின்றது. அதன் அடுப்படியில் நிற்கும் பெண்கள் முறையான காலமுறைச் சம்பளம் கோரிப் பல்லாண்டுகளாக மறியல் செய்து வருகின்றனர். பிள்ளைக்குச் சோறு போடும் திட்டத்தின் புகழ், சோறாக்குபவரின் வயிற்றை நிரப்பவில்லை.

ஆகவே நாம் வேண்டுவன யாவை? அபிவிருத்திச் சங்கங்களின் பணத்தில் உழைப்போருக்கு எழுத்து வடிவில் நியமனமும், சேமலாப நிதியும் வேண்டும். நிரந்தரமாகும்பொழுது முன்னைய சேவைக்காலம் கணக்கில் எடுக்கப்படல் வேண்டும். மலகூடம் கழுவுபவர்க்குக் கையுறையும் பாதணியும் அவர் கேட்கு முன்னரே கிடைத்தல் வேண்டும். நியமனம் அரசியல்வாதியின் சிபாரிசாக அன்றி உரிமையாக வருதல் வேண்டும். இவற்றை ஆசிரியர் சங்கங்கள் தம் கோரிக்கைகளுள் எழுதிக்கொள்ளல் வேண்டும். இவை பெருங் கோரிக்கைகள் அல்ல.

சென்ற ஆண்டுச் சுற்றுலாவில் ஆசிரியர் இருவர் பானைகளுக்குக் காவலிருக்க, எமது நண்பரை மேலே அழைத்துச் சென்றோம். ஏறக்குறைய 1,200 படிகள். அவர் முழங்கால்கள் ஒத்துழைக்கவில்லை. சிங்கத்தின் பாதங்கள் வரை வந்தார். அதன் நகங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர், "இதக் கட்டுனவங்க எங்க சாப்பிட்டிருப்பாங்க சேர்? எங்க படுத்திருப்பாங்க?" என்று கேட்டார். வரலாறு கற்பிக்கும் எமக்கு இத்தனை ஆண்டுகளாகத் தோன்றாத வினா அது. எமது விடையைக் கேட்க நில்லாமல், ஒரு கையால் கம்பியைப் பற்றியவாறு, பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரமாகின்றதென்று கீழே இறங்கத் தொடங்கினார்.

அவரை மேலே அழைத்துச் சென்றது நல்ல காரியந்தான். ஆனால் தயவு ஒரு நாளுக்குரியது. உரிமை நாள்தோறும் இருப்பது. காலம் பிந்தி வந்த தயவு முழங்காலுக்கு எட்டவில்லை என்பதையும் கண்டோம். அவர் ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகள் உள. அதற்குள் அந்தப் பதினாறு ஆண்டுகளைக் கேட்டு எழுதும் விண்ணப்பத்தில், அவர் கையொப்பத்தின்கீழ் எமது பாடசாலை ஆசிரியர் அனைவரின் கையொப்பமும் இடம்பெற வேண்டும் என்று முயன்று வருகின்றோம். இதுவரை பதினான்கு பேர் ஒப்பமிட்டுள்ளனர்.